அறிவுச்செல்வி வரைந்த வட்டம்

2003 அக்டோபர் 27, திங்கட்கிழமை. விடியுமுன் பிடித்த தூறல் ஒன்பது மணியாகியும் விடவில்லை. சிறுமலைப் பக்கம் மலை இருந்த அடையாளமே தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. எரியோட்டிலிருந்து வந்த பேருந்தில் சன்னலோர இருக்கைகள் எல்லாம் நனைந்துவிட்டதால், அறிவுச்செல்வி திண்டுக்கல் வரை நின்றுகொண்டே வந்தாள். தோளில் தொங்கிய கைப்பையை மட்டும் நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்தாள். அதற்குள், சோற்றுப் பாத்திரத்துக்கு அடியில், பாலிதீன் உறையில் சுற்றிய ஒரு கடிதம் இருந்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், பட்டயப் படிப்பு முடித்த கையோடு, அவள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன் பெயரைப் பதிந்திருந்தாள். மூன்றாண்டுக்கு ஒருமுறை தவறாமல் புதுப்பித்தும் வந்தாள். அந்தப் பெயர் மூப்பு வரிசையில் மெல்ல மெல்ல ஏறி, இப்போதுதான் ஓர் அரசுத் துறையின் கண்ணில் பட்டிருந்தது. தொழில்நுட்ப உதவியாளர் பணி. நவம்பர் 3, காலை பத்து மணிக்கு மதுரையில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களுடன் வராதவரின் பெயர் நீக்கப்படும், மறுவாய்ப்பு அளிக்கப்படமாட்டாது. கடைசி வரியின் கீழ் அச்சிலேயே கோடு போட்டிருந்தார்கள்.

அசல் சான்றிதழ் ஒன்றுகூட அவளிடம் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் பட்டயம் வரை ஆறு தாள்களும் திண்டுக்கல் நாகல்நகரில், அவளுடைய முதலாளி இஞ்ஞாசியின் பீரோவுக்குள் இருந்தன. அந்தப் பீரோவின் சாவி இஞ்ஞாசியின் கழுத்தில், கத்தோலிக்கர் அணியும் உத்தரியக் கயிற்றோடு சேர்ந்து தொங்கியது.

இஞ்ஞாசியைக் கெட்டவர் என்று திண்டுக்கல்லில் எவரும் சொல்லமாட்டார்கள், அறிவுச்செல்வியும் சொன்னதில்லை. தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் கேம் பெட்டிகளுக்கான உதிரிப் பாகங்களைச் சென்னையிலிருந்து வரவழைத்து, கடைக்கு மேலேயே பெட்டிகளாகப் பொருத்தி, பல ஊர்களுக்கும் விற்றுவந்தார். தொழிலைக் கற்றுக்கொண்ட இரண்டு பேர் அடுத்தடுத்து எதிர்த் தெருவிலேயே கடை போட்டுவிட்ட பிறகு, வேலைக்குச் சேருவோரிடம் அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டார். மூன்றாண்டு வேலை செய்தால் திருப்பித் தருவது பேச்சு. 1999 சூன் மாதம் அறிவுச்செல்வி சேர்ந்தபோது அவளுடைய தகப்பனார் சடையாண்டி, மஞ்சள் பையிலிருந்து உறையை எடுத்து, இரு கைகளாலும் இஞ்ஞாசியிடம் கொடுத்தார். கோவிலில் தட்டு நீட்டுவதைப் போல அவர் அதை நீட்டியது அவளுக்கு மறக்கவேயில்லை.

மூன்றாண்டு முடிந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. கேட்காமலும் இல்லை.

"எங்கம்மா போகப்போகுது? பீரோவுக்குள்ளதானே பத்திரமா இருக்கு. உங்க வீட்டுல வச்சா கரையான் அரிச்சிரும். இந்த ஒரு வேலைய முடிச்சுக் குடுத்துரு, நானே கூப்ட்டுக் குடுக்கிறேன்" என்பார் இஞ்ஞாசி. சொல்லும்போது முகத்தில் அன்பு இருக்கும். அதுதான் சிக்கல். கோபித்துக்கொண்டால் திருப்பிக் கோபிக்கலாம்.

வீட்டிலும் இதே கதைதான். "நம்பிக் குடுத்தது தாயி. இப்பப் போய்க் கேட்டா, அவர நம்பலன்னு ஆயிரும். உங்கம்மாவ ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனப்ப அந்த மனுசன் காரைக் குடுத்தாருல்ல" என்று சடையாண்டி பேச்சை முடித்துவிடுவார். தாயார் பேச்சாயி அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. காரில் ஏறிப் போனவள் அவளாயிற்றே.

இஞ்ஞாசி சொன்ன "ஒரு வேலை" எது என்பதைச் சற்று விளக்கியாக வேண்டும்.

தொலைக்காட்சியில் நாம் காண்பவை அடுத்தடுத்து வரையப்படும் நிலைப் படங்களே. அமெரிக்க முறையில் நொடிக்கு அறுபது படங்கள். நம் நாட்டு முறையில் ஐம்பது. ஆனால் நம் முறையில் ஒரு படத்துக்குக் கோடுகள் கூடுதல். பழைய கேம் பெட்டிக்கோ இருநூற்று நாற்பது கோடுகளுக்கு மேல் வரையத் தெரியாது. அமெரிக்கத் திரையை அது ஏறத்தாழ நிரப்பிவிடும். நம் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு, நடுவில் அமுங்கி நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர், பழைய கேம் பெட்டியோடு ஒரு சோதனைக் கேசட்டையும் கடையில் விட்டுப் போயிருந்தார். அதைச் செருகினால் விளையாட்டு வராது. வண்ணப் பட்டைகள் வரும், கட்டங்கள் வரும், திரையின் நடுவே ஒரு பெரிய வட்டம் வரும், ஓரத்தில் ஒரு கடிகாரம் ஓடும். படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட நிரல் அது. பொருத்திய பெட்டிகளைச் சோதிக்க அதைப் பயன்படுத்தலாம் என்று இஞ்ஞாசி நினைத்தார். ஆனால் அது அமெரிக்க முறைக்கு எழுதப்பட்டது. அறுபது படங்களை ஒரு நொடி என்று அது எண்ணியதால், நம் முறைப் பெட்டியில் அதன் கடிகாரத்துக்கு ஒரு நிமிடம் ஆக எழுபத்திரண்டு நொடிகள் பிடித்தன.

"அக்கா, நம்ம சாப்பாட்டு மணிய இந்தக் கடிகாரத்துல பாக்கச் சொல்லுங்கக்கா. தினம் பன்னெண்டு நிமிசம் கூடக் கெடைக்கும்" என்றாள் ஈயம் பற்றவைக்கும் மேசையில் இருந்த மலர்விழி. மேல்மாடி அறையில் இருந்தவர்கள் அவர்கள் இருவர்தாம். சன்னல் கிடையாது. மேலே கல்நார்க் கூரை.

அறிவுச்செல்வி கேசட்டுக்குள் இருந்த நினைவகச் சில்லின் எண்களை எல்லாம் கணிப்பொறியில் படித்தெடுத்து, இருநூறு பக்க நோட்டுகள் நான்கில் எழுதினாள். கல்லூரியில் அவள் படித்தது வேறு வகைச் செயலி. இந்தப் பெட்டியின் செயலிக்குரிய கட்டளைகளை, பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த தாள்களை வைத்துத் தானே கற்றாள். எந்த எண் கடிகாரம், எந்த எண் வட்டம், எந்த எண் ஒலி என்று ஒவ்வொன்றாகப் பிரித்தாள். கடிகாரத்தைத் திருத்த ஒரு மாதம். பிறகு அமெரிக்க வகை, ஐரோப்பிய வகை ஆகிய இரண்டிலும் ஓடச் செய்ய ஓராண்டு. பிறகு, நொடிக்கு ஐம்பது படம் போட்டாலும் உள்கணக்கில் அமெரிக்க வகையை ஒத்திருந்த தைவான் பெட்டிகள் வந்து எல்லாவற்றையும் குழப்பின. அதற்கும் ஓராண்டு. முடிவில், தான் எந்த வகைப் பெட்டியில் செருகப்பட்டிருக்கிறது என்பதைக் கேசட்டே எண்ணிப் பார்த்து, அதற்கேற்ற எண்களை எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிட்டாள். ஒவ்வொன்றை முடித்தபோதும் இஞ்ஞாசி மனமாரப் பாராட்டினார். ஒவ்வொரு முறையும் இன்னொன்று மீதமிருந்தது. வேலையை நன்றாகச் செய்யச் செய்ய வாசல் தள்ளிப்போயிற்று.

கடைசியாக ஒரு யோசனை வந்தது. தொலைக்காட்சி பழுது பார்ப்பவர்கள் திரையை அளந்து சரிசெய்யத் தனிக் கருவி உண்டு. சிற்றூர் மெக்கானிக்குகளால் அதை வாங்க முடியாது. பழைய கேம் பெட்டியும் இந்தச் சோதனைக் கேசட்டும் இருந்தால் அதே வேலை நடக்கும். கோயம்புத்தூர் வியாபாரி ஒருவர் முந்நூறு கேசட் கேட்டார். அக்டோபர் 31, வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டி வரும்.

அந்தத் திங்கட்கிழமை, கடிதத்தைப் பார்த்த இஞ்ஞாசி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல சேதிதானம்மா. வெள்ளிக்கெழம வண்டியில சரக்கு ஏறட்டும். நான் ஒரு கையால சரக்கக் குடுக்கிறேன், இன்னொரு கையால ஒன் கவர எடுத்துக் குடுக்கிறேன். சரிதானா?"

"சரிங்கண்ணே" என்றாள்.

நான்காண்டில் முதன்முறையாக அவர் ஒரு நாளைக் குறித்துச் சொல்லியிருந்தார். படியேறும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேல்மாடியில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் மலர்விழி குடை விரித்து வைத்திருந்தாள். "ராணியம்மா வீற்றிருக்காங்க பாருங்க" என்றாள். மின்சாரமும் போய்வந்தது. சில்லுகளில் பாதிக்கு மேல் எழுதியாகிவிட்டது. எழுதும் கருவியில் ஒரு சில்லுக்கு நான்கு நிமிடம். கடிகாரம் பல மணி நேரம் ஓடினாலும் பிசகாதா என்று பார்ப்பது மட்டும் மிச்சமிருந்தது. ஒழுகும் அறையில் அதைச் செய்ய முடியாது என்பதால், மாலையில் ஒரு பெட்டியையும் கேசட்டையும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். அதுவரை அந்தக் கேசட் அந்த அறையைத் தாண்டியதில்லை.

எரியோட்டில் மழை வெறித்திருந்தது. வீட்டுத் தொலைக்காட்சியில் பெட்டியை இணைத்து, கேசட்டைச் செருகினாள். கடிகாரம் சரியாக ஓடியது. வட்டம் வந்தது.

சடையாண்டி சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். "என்னா தாயி இது? ஒக்காந்து நசுக்கின பூசணிக்கா மாதிரி இருக்கு."

அவள் பேச்சாயியின் தையல் அளவு நாடாவை எடுத்துத் திரையில் வைத்தாள். அகலம் இருபத்தொரு சென்டிமீட்டர். உயரம் பதினேழரை. இரண்டாம் முறை அளந்தாள். மாறவில்லை. வீட்டுத் தொலைக்காட்சி பழையது, அதில்தான் ஏதோ கோளாறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, தெருவின் எதிர்ச்சாரியில் இருந்த பழுதுபார்க்கும் கடையில், பெட்டி பிரித்து அன்றுதான் வெளியே எடுத்த புதுத் தொலைக்காட்சி ஒன்றில் போட்டுப் பார்த்தாள். அதே நசுங்கிய வட்டம். பக்கத்தில் இருந்த இன்னொன்றிலும் அதே. மாடிக்கு வந்து கடைத் தொலைக்காட்சியில் போட்டாள். குடைக்குக் கீழே, காம்பஸ் வைத்து வரைந்ததுபோல, அப்பழுக்கற்ற வட்டம்.

மலர்விழி சாப்பிடக் கீழே இறங்கிய நேரத்தில், அறிவுச்செல்வி அந்தத் தொலைக்காட்சியைச் சுவரிலிருந்து திருப்பி, பின்மூடியைக் கழற்றினாள். படத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு உள்ளே இருந்தது. அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு.

அவளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. சேர்ந்த இரண்டாம் வாரம். அப்போது அந்தத் தொலைக்காட்சி கீழே, வாடிக்கையாளர் பார்க்கும் இடத்தில் இருந்தது. கேம் பெட்டியைப் போட்டால் மேலும் கீழும் கறுப்பாகத் தெரிகிறது, வருகிறவர்கள் பெட்டி மட்டம் என்று நினைக்கிறார்கள், ஏதாவது செய்யேன் என்றார் இஞ்ஞாசி. அவள் திருகைத் திருப்பிப் படத்தை நீட்டித் திரையை நிரப்பினாள். "கெட்டிக்காரி" என்றார் அவர். சரிசெய்த திருகை வேறு யாரும் தொடாமலிருக்க அதன் தலையில் நகப்பூச்சு வைப்பது அந்தத் தொழிலில் உள்ள பழக்கம். அன்று கைப்பையில் இருந்த தன் நகப்பூச்சையே எடுத்துப் பொட்டு வைத்தாள்.

அந்தத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் நான்காண்டாக வட்டம் வரைந்திருக்கிறாள். நீட்டப்பட்ட திரையில் அமெரிக்க வட்டமே உருண்டையாகத் தெரிந்ததால், நம் முறைக்கு அதைத் திருத்த வேண்டும் என்றே தோன்றவில்லை. கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டவள், ஒலியை இசைக்கவையோடு ஒப்பிட்டவள், வட்டத்தை மட்டும் கண்ணால் பார்த்து நம்பினாள்.

பின்மூடியை மறுபடி மாட்டினாள். நான்கு திருகுகளையும் ஒழுங்காக முடுக்கினாள். பிறகு உட்கார்ந்து, அடுத்த சில்லை எழுதும் கருவியில் பொருத்தினாள்.

அவள் செய்ததை மறைப்பதற்கில்லை. செவ்வாய் மாலையும், புதன், வியாழன் முழுவதும், தவறு என்று தெரிந்த எண்களையே சில்லு சில்லாக எழுதினாள். சொன்னால் வெள்ளிக்கிழமைச் சரக்கு ஏறாது. ஏறாவிட்டால் கவர் வராது. திங்கட்கிழமை மதுரையில் பெயரை அடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் எல்லாம் தானாக நடக்கும். நசுங்கிய வட்டத்தைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு யார் அளக்கப் போகிறார்கள்? கண்டுபிடித்தாலும், அப்போது அவள் இந்த அறையில் இருக்கமாட்டாள். பச்சை விளக்கு எரியும், சில்லை எடுத்து வைப்பாள், அடுத்ததைப் பொருத்துவாள். கூரையிலிருந்து சொட்டும் நீர் பிளாஸ்டிக் வாளியில் விழுந்தது.

"என்னக்கா, கல்யாணத்துக்கு நாள் குறிச்ச பொண்ணு மாதிரி பேச்சே காணோம்?" என்றாள் மலர்விழி.

"ஒண்ணுமில்ல. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எதை?"

"சில்லத்தான்."

"நீங்க எண்றது சில்லு இல்ல, நாளு. எனக்குத் தெரியாதாக்கும்?"

வியாழன் மாலை முந்நூறும் முடிந்தன.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. பதினோரு மணியளவில் வத்தலக்குண்டிலிருந்து ஆல்வின் என்னும் தொலைக்காட்சி மெக்கானிக் வந்தார். சரக்கு கோயம்புத்தூர் போய்ச் சேரும் முன்பே ஒரு கேசட் தனக்கு வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தவர். மாடிக்கு ஏறி, கடைத் தொலைக்காட்சியில் வட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இத்தன வருசமா நான் எப்படி அளக்கிறேன் தெரியுமா மேடம்? நியூஸ் வாசிக்கிற பொண்ணோட மூஞ்சிய வச்சுத்தான். போன மாசம் ஒரு வீட்டுல திருகத் திருப்பிட்டு வந்தேன். மறுநாள் அந்த வீட்டு அம்மா வந்து, 'ஏம்ப்பா, எல்லாப் பயலும் குதிர மூஞ்சியோட திரியுறானுவ'ன்னு ஒரே ஏச்சு."

மலர்விழி சிரித்தாள். ஆல்வினும் சிரித்தார்.

"இனிமே அந்த வம்பே இல்ல. கேசட்டப் போடுறேன், வட்டம் உருண்டையா வர்ற வரைக்கும் திருகத் திருப்புறேன், நகப்பூச்சு வைக்கிறேன். நெலக்கோட்ட வரைக்கும் எல்லாச் செட்டையும் இத வச்சே சரி பண்ணிர வேண்டியதுதான். நம்ம கண்ணு தப்பும். இது தப்பாதுல்ல?"

அவர் யாரையும் நோக்கிக் கேட்கவில்லை. கேசட்டைப் பார்த்தே கேட்டார். ஆனால் அறிவுச்செல்விக்கு, ஒழுங்காக இருக்கும் ஒவ்வொரு தொலைக்காட்சியின் பின்மூடியும் கழற்றப்படுவதும், உள்ளே ஒவ்வொரு திருகும் திரும்புவதும், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சிவப்புப் பொட்டு விழுவதும் கண்ணில் வரிசையாகத் தெரிந்தன. தான் ஒரு பெட்டியில் செய்ததை இவர் ஊரெல்லாம் செய்யப் போகிறார். மற்ற இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேரும் செய்யப் போகிறார்கள்.

"நீங்க அத வச்சிட்டுப் போங்க. அடுத்த வாரம் வாங்கிக்கிடலாம்" என்றாள்.

ஆல்வின் விளங்காமல் விழித்தார். "ஏன் மேடம்? நல்லாத்தானே இருக்கு?"

"அடுத்த வாரம் வாங்க சார்."

மூன்றரை மணிக்கு இஞ்ஞாசி மாடிக்கு வந்தார். கையில் பழுப்பு உறை. நான்காண்டில் அவள் அதைப் பார்ப்பது அதுவே முதல் முறை. மூலையில் சடையாண்டியின் கையெழுத்தில் அவள் பெயர் இருந்தது. அவர் அதை மேசைமேல் வைத்து, அதன்மேல் தம் கையை வைத்தார்.

"வண்டி பைபாசுக்கு வந்திருச்சாம். முந்நூறும் முடிஞ்சுதாம்மா?"

மலர்விழி தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்தாள்.

"முடியலண்ணே" என்றாள் அறிவுச்செல்வி.

எழுந்து தொலைக்காட்சியைப் பக்கவாட்டில் திருப்பினாள். பின்மூடியைக் கழற்றினாள். சிவப்புப் பொட்டை நகத்தால் சுரண்டினாள்; அது எளிதில் வரவில்லை. பிறகு திருகைத் திருப்பினாள். திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை இறங்கிற்று. நடுவில் இருந்த வட்டம், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நசுங்கியது.

"ஏம்மா படத்தக் கெடுக்கிற?"

"இதாண்ணே நெசப் படம். இத்தன நாளும் செட்டு தப்பா இருந்திச்சு. நாந்தான் திருப்பி வச்சேன். இத நம்பி வட்டம் வரைஞ்சிட்டேன். முந்நூறும் தப்பு."

இஞ்ஞாசி நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டவில்லை. உறையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அப்ப இத எப்படிம்மா குடுக்கிறது?" என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டவராக. "நீ போயிட்டா யாரு சரி பண்ணுவா?"

"வட்டத்த ரெண்டு நாள்ல சரி பண்ணிருவேண்ணே. ஆனா திங்கக்கெழம நான் மதுரைக்குப் போவேன். நீங்க குடுக்கலன்னா வெறுங்கையோட போயி நிப்பேன்."

இப்படி ஒரு வாக்கியத்தை அவள் அவரிடம் பேசியதில்லை. இஞ்ஞாசி உத்தரியக் கயிற்றைத் தடவியபடி யோசித்தார். கீழே வண்டியின் ஒலிப்பான் இரண்டு முறை கேட்டது.

"வெறுங்கையோட எதுக்குப் போற? நானே கொண்டாரேன். ரெண்டு பேருமாப் போவோம். அவுகள்ட்ட காட்டு, காட்டிட்டு எங்கிட்டக் குடு. ஒனக்கும் காரியம் ஆச்சு, கவரும் பத்திரமா இருக்கும்."

சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர்க்காரரைச் சமாதானப்படுத்தக் கீழே இறங்கினார். அவர் போன பிறகு மலர்விழி மெல்லச் சொன்னாள்: "ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறவருகூடக் கயித்த அங்கன விட்டுட்டுத்தான் வருவாரு அக்கா."

சனிக்கிழமை முழுவதும் அறிவுச்செல்வி திரையைப் பார்க்கவேயில்லை. தாளில் கணக்குப் போட்டாள். நம் முறையில் ஒரு கோட்டின் உயரம் எவ்வளவு, ஒரு புள்ளியின் அகலம் எவ்வளவு, உருண்டையாகத் தெரிய வட்டம் எத்தனை கோடு உயரம் இருக்க வேண்டும் என்று எண்ணால் மட்டும் கண்டாள். ஞாயிற்றுக்கிழமை இஞ்ஞாசி பூசைக்குப் போயிருந்தபோது, புதிய எண்களோடு ஒரே ஒரு சில்லை எழுதி, எதிர்ச்சாரிப் புதுத் தொலைக்காட்சியில் போட்டு, அளவு நாடாவால் அளந்தாள். இருபத்தொன்று. இருபத்தொன்று. பக்கத்தில் இருந்த இன்னொன்றிலும் அளந்தாள். அதே.

பிறகு ஒரு புதுநோட்டை எடுத்தாள். பழைய சில்லை அழிப்பது எப்படி, புதியதை எழுதுவது எப்படி, எந்த எண் எதற்கு, எதைக் கொண்டு அளப்பது என்று முதல் படி தொடங்கிக் கடைசிப் படி வரை, முத்து முத்தான எழுத்தில் எழுதினாள். அதுவரை எதையும் பிறர் படிக்கும்படி அவள் எழுதி வைத்ததில்லை. தனக்கு மட்டுமே தெரிந்திருந்தால் மதிப்பு இருக்கும், ஒருநாள் அதைச் சொல்லிக் கவரைக் கேட்கலாம் என்று எண்ணி, நான்கு நோட்டுகளையும் தனக்கு மட்டும் விளங்கும் குறிகளால் நிரப்பியிருந்தாள். அந்த மதிப்பே தன்னை இந்த அறையில் கட்டிப்போட்டது என்பது இப்போது விளங்கியது.

நோட்டை மலர்விழியிடம் கொடுத்தாள். மலர்விழி நான்கு பக்கம் புரட்டினாள்.

"இம்புட்டுத்தானாக்கா? இத நானே பண்ணிருவேன் போல."

"பண்ணிரலாம்."

"அப்ப நீங்க?"

அறிவுச்செல்வி கைப்பையை மாட்டிக்கொண்டாள்.

நவம்பர் 3, திங்கட்கிழமை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மதுரைப் பேருந்தில் இஞ்ஞாசி அவளுக்குச் சன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். உறை அவர் மடியில், மஞ்சள் பைக்குள் இருந்தது. கொடைரோடு தாண்டியதும் கொய்யாப்பழம் வாங்கி, நல்லதாகப் பார்த்து அவளுக்குக் கொடுத்தார்.

"எனக்குன்னு ஒரு மக இருந்தா, இப்படித்தாம்மா கூடப் போவேன்."

அவர் பொய் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பழத்தைத் தின்றாள்.

அலுவலக வராந்தாவில் நூறு பேருக்கு மேல் உறையும் கோப்புமாக நின்றிருந்தார்கள். எல்லாருடைய தாள்களும் அவரவர் கையிலேயே இருந்தன. அவள் பெயரை அழைத்தபோது, இஞ்ஞாசி கூடத்தின் வாசல் வரை வந்தார். காவலர் தடுத்தார், உள்ளே விண்ணப்பதாரர் மட்டும். இஞ்ஞாசி பைக்குள்ளிருந்து உறையை எடுத்து அவளிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் ஒரு கணம் விடாமல் பிடித்திருந்தார்.

"காட்டிட்டு அப்படியே கொண்டா. நான் இங்கனயே நிக்கிறேன்."

நான்காண்டுக்குப் பிறகு அந்தத் தாள்களின் கனம் அவள் கைக்கு வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அலுவலர் ஒவ்வொன்றாக வாங்கி, பதிவேட்டில் சரிபார்த்து, நகல்களில் முத்திரை குத்தி, அசல்களை அடுக்கினார். ஆறு தாள்கள். ஒன்றிலும் கரையான் இல்லை, மடிப்புகூட இல்லை. பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

அலுவலர் அடுக்கை அவள் பக்கம் நகர்த்தினார். அறிவுச்செல்வி திரும்பிப் பார்த்தாள். வாசலுக்கு வெளியே, வெயிலில், இஞ்ஞாசி மஞ்சள் பையின் வாயை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஆர்டர் வந்தா ஏழே நாள்ல ஒரிஜினலோட வந்து சேரணும்மா. இல்லன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்" என்றார் அலுவலர், அடுத்த பெயரைப் பதிவேட்டில் தேடியபடி. "ஒரிஜினல் எல்லாம் ஒங்க கையிலதான இருக்கும்?"

அவள் ஆறு தாள்களையும் உறையில் இட்டு, உறையைத் தன் கைப்பைக்குள் வைத்து, பையின் கொக்கியைப் போட்டாள்.

"என் கையிலதான் இருக்கும் மேடம்."